பொம்மை இன்டர்நெட்டுக்கு முகூர்த்தம் பாக்கற பேராண்டிக்கு

கண்ணு, உன்ற ஆராய்ச்சி என்ன சோலின்னு உங்கம்மாகிட்டக் கேட்டேன். "இன்டர்நெட்டுக்குப் பொம்மை செய்யறானாம்ப்பா, அதையும் ஒத்தை மெஷின்ல செய்யாம ஆயிரம் மெஷின்ல ஒட்டுக்காச் செய்யறானாம்"னா. பொம்மை வாங்கிக் குடுத்து வளத்தின புள்ளை இப்பப் பொம்மை செஞ்சே டாக்டர் பட்டம் வாங்கப் போறான், குடுத்து வெச்ச குடும்பம். நீ தாட்டிவிட்ட தாளுகளை எல்லாம் கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் படிச்சேன். நான் எட்டாங் கிளாசோட நின்னவன், எனக்கென்ன தெரியும்? தப்பாச் சொன்னாக் கெழவன் ஒளர்றான்னு விட்டுரு. சரியாச் சொல்லிட்டன்னா அதையப் போயி உன்ற புரொபசர்கிட்டச் சொல்லிப்போடாதே. பெரிய மனுசங்க மனசு நொந்துபோகும்.

பொம்மை எதுக்குங்கறது புரிஞ்சுபோச்சு. 1986 அக்டோபர்ல கலிபோர்னியாவுல ஒரு கூத்து நடந்துருக்குது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவால வெறும் 400 கஜந்தான். வினாடிக்கு 32,000 பிட் போயிட்டிருந்த எடத்துல திடீர்னு 40 பிட் போக ஆரம்பிச்சுது. 40 பிட்டுன்னா அஞ்சு எழுத்து. ஒரு பொடியன் கையில சீட்டைக் குடுத்துத் தாட்டிவிட்டிருந்தாப் போயிக் குடுத்துட்டு டீயும் குடிச்சுட்டு வந்துருப்பான். வேன் ஜேக்கப்சன்ங்கறவரு தோண்டித் துருவிப் பாத்தாரு. கம்பியில கோளாறு இல்லை, மெஷினுகளோட குணத்துல கோளாறு. அனுப்பிச்ச பாக்கெட் போய்ச் சேந்த தகவல் வரலையின்னா, நடுவால நெரிசலோ என்னமோன்னு யோசிக்காம, அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிச்சிருக்குதுக. நெரிசல் மேல நெரிசல். மெதுவா ஆரம்பி, தடங்கல் வந்தாக் கையைச் சுருக்கிக்கோன்னு அவரும் மைக்கேல் காரல்ஸும் மெஷினுகளுக்குப் புத்தி சொல்லிக் குடுத்தாங்க. 1988ல அது கட்டுரையாவும் வந்துச்சு.

இப்ப அதுமாதிரி இன்னொரு புத்தியை நீ கண்டுபுடிச்சீன்னு வெய்யி. அது நல்லதா கெட்டதான்னு எங்க பாப்பே? ஊரு முச்சூடும் பேங்க் கணக்கும் ரயில் டிக்கெட்டும் ஓடிட்டிருக்கற வலையை நிறுத்தி வெச்சுச் சோதிக்க ஆரும் விடமாட்டாங்க. அப்பப் பொம்மைதான் கதி. அது நாயந்தான், ஒத்துக்கறேன்.

பொம்மைக்குள்ளாற நடக்கறதும் பெரிய ரகசியம் இல்லை. இன்ன பாக்கெட் இன்ன ரௌட்டருக்கு இத்தனை மணிக்கு வருது, இத்தனை மணிக்கு வரிசையில நிக்குது, இத்தனை மணிக்குக் கெளம்புதுன்னு ஒரு பட்டியல். எது மொதல்ல நடக்கோணுமோ அதைய எடு, நடத்து, அதனால புதுசா என்ன நடக்குமோ அதைய நேரம் போட்டுப் பட்டியல்ல சொருகு, அடுத்ததை எடு. கடியாரம் டிக் டிக்குன்னு ஓடாது, ஒரு நிகழ்ச்சியில இருந்து அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவும். நடுவால ஒண்ணும் நடக்கலையின்னா ஒண்ணும் இல்லைன்னு தாண்டிப் போயிரும். அந்த ஒரு புத்தி மனுசனுக்கு வந்திருந்தா எத்தனை மீட்டிங் மிச்சமாகியிருக்கும்.

தொல்லை எங்க வருதுன்னாக் கணக்குல. 10 கிகாபிட் கம்பி ஒண்ணு, பாக்கெட் ஒவ்வொண்ணும் 1,500 பைட். வினாடிக்கு 8 லட்சத்துச் சில்லறை பாக்கெட் அதுல போகும். அப்படிக் கம்பி பத்தாயிரம் இருந்தா வினாடிக்கு 800 கோடிக்கு மேல. வினாடிக்கு 10 லட்சம் நிகழ்ச்சி பாக்கற மெஷின்னு வெச்சுக்கிட்டாலும், பொம்மையில ஒரு வினாடி நகர ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு மணி நேரத்துப் போக்கைப் பாக்கோணும்னா உனக்குக் கண்ணாலமாயிப் புள்ளை பொறந்துரும். அதனாலதான் வேலையைப் பங்கு போட்டு ஆயிரம் மெஷினுக்குக் குடுக்கறீங்க.

பங்கு போட்ட எடத்துலதான் பங்காளிச் சண்டை. மெஷினுக்கு மெஷின் தனித்தனி பட்டியல், தனித்தனி கடியாரம். ஒண்ணு பொம்மை நேரத்துல அஞ்சாவது வினாடியில இருக்குது, இன்னொண்ணு மூணாவதுல நிக்குது. மூணுல நிக்கறவன் நாலாவது வினாடிக்குன்னு ஒரு பாக்கெட்டை அஞ்சுல இருக்கறவனுக்கு அனுப்பிச்சான்னா என்ன ஆகும்? போன நேரத்துக்குச் சேதி வந்துரும். எல்லாருக்கும் பொதுவான கடியாரம் இல்லாத எடத்துல முந்தி எது பிந்தி எதுங்கறதையே யோசிச்சுத்தான் சொல்லோணும்னு லெஸ்லி லாம்போர்ட் 1978லயே எழுதிவெச்சுட்டாரு. ஆயிரம் மெஷின் ஒட்டுக்கா ஓடினாலும், ஒத்தை மெஷின்ல மெல்ல ஓட்டினா என்ன விடை வருமோ அச்சு அசலா அதே விடை வரோணும். இந்த ஒரு நிபந்தனைக்குத்தான் உங்க சனம் நாப்பது வருசத்துக்கு மேல பேனாவைத் தேச்சுருக்குது.

இதைய எனக்குப் புரியற பாசையில சொல்றேன், கேளு. ஒரு கண்ணால ஊடு. மாமன் ஊடு ஒரு ஊருல, சம்பந்தி ஊடு ஒரு ஊருல, பங்காளி ஊடு இன்னொரு ஊருல. சீரு ஒவ்வொண்ணுக்கும் நேரம் குறிச்சிருக்குது. எந்தச் சேதியும் ஆள் மூலமாத்தான் போகோணும். போனு கெடையாது.

ஒரு கட்சிக்காரங்க சொல்றாங்க: "எல்லா ஒறம்பரை ஊட்டுல இருந்தும் சேதி வந்து, இதுக்கு முந்தின நேரத்துச் சேதி இனி வராதுன்னு உறுதியானாத்தான் அடுத்த சீரைத் தொடுவேன்." மரியாதைப்பட்ட கட்சி. எம்ஐடியில 1977ல ரேண்டல் பிரையண்ட் தன்ற ஆய்வேட்டுல இதைய எழுதுனாரு. அவரு ஒருபக்கம் எழுத, டெக்ஸஸ்ல ஆஸ்டின்ல இருந்த மணி சேண்டியும் ஜெயதேவ் மிஸ்ராவும் தாங்களா யோசிச்சு 1979ல எழுதுனாங்க. சேண்டி நம்ம சென்னை ஐஐடியில 1965ல படிச்சு முடிச்சவரு. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒறம்பரை வந்தாச்சான்னு பாக்கற புத்தி அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனா மரியாதைக்கும் ஒரு எல்லை வேணுமில்ல. மாமன் சம்பந்திக்காகக் காத்திருக்கான், சம்பந்தி பங்காளிக்காக, பங்காளி மாமனுக்காக. மூணு ஊட்டுலயும் இலை போட்டாச்சு, ஒருத்தனும் உக்கார மாட்டேங்கறான். பொழுது விடிஞ்சாலும் இதே நெலைதான். அதுக்குச் சேண்டி, மிஸ்ரா சொன்ன வைத்தியம் வெத்துச் சேதி. "பன்னெண்டு மணிக்கு முந்தி என்ற ஊட்டுல இருந்து ஆரும் வரமாட்டாங்க"ன்னு ஒரு ஆளைத் தாட்டிவிடறது. சேதியில விசயம் ஒண்ணும் இல்லை, ஆனா அதைய நம்பி அடுத்தவன் பதினொண்ணரை மணிச் சீரைத் தைரியமா நடத்திக்கலாம். விசயமே இல்லாத சேதியால காரியம் நடக்கறதை நானும் ஊருக் கூட்டத்துல பாத்திருக்கேன், அதுக்கு இத்தனை கணிதம் உண்டுன்னு இப்பத்தான் தெரியும்.

இந்த "பன்னெண்டுக்கு முந்தி வரமாட்டேன்"ங்கற வாக்குதான் உங்க பாசையில லுக்அஹெட். இதுக்கு வலுவு எங்கிருந்து வருதுன்னாத் தூரத்துல இருந்து. கண்ணாடிக் கம்பியில வெளிச்சம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகுது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்ட 5 மில்லி வினாடி. அப்ப ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் அஞ்சு மில்லி வினாடிக்கு உன்னைத் தொந்தரவு பண்ணவே முடியாது; நீ பாட்டுக்கு உன்ற வேலையைப் பாக்கலாம். அதே வயர்லெஸ்ல 100 மீட்டர் தள்ளி நிக்கறவன்னா? மைக்ரோ வினாடியில மூணுல ஒரு பங்கு. மூச்சு விடறதுக்குள்ள வந்து நிப்பான். தூரத்து ஒறம்பரையால தொல்லை கம்மி, பக்கத்து ஊட்டுக்காரந்தான் உசிரை வாங்குவான்னு உங்கம்முச்சி சொல்றதை நீ எத்தனை தடவை கேட்டிருப்பே. ரெண்டு மெஷினுக்கு நடுவால வாக்கு ஒரு மைக்ரோ வினாடிதான்னு வெய்யி. அடுத்த நெசமான நிகழ்ச்சி ஒரு வினாடி தள்ளி இருந்தா, அதைய எட்டறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் நடுவால வெத்துச் சேதி மட்டும் 10 லட்சம் போயிட்டு வரும். அதனால வலையை வெட்டிப் பங்கு போடறப்ப நீளமான கம்பிகளாப் பாத்து வெட்டு. இதைய நான் சொன்னதா வெளிய சொல்லாதே, உங்காளுக எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரிஞ்சும் வயர்லெஸ்ஸைக் கொண்டாந்து மாட்டிக்கறாங்க.

அந்தப் பக்கம் இன்னொரு கட்சி. அதுக்குத் தலைவரு டேவிட் ஜெஃபர்சன். ரேண்ட் நிறுவனத்துல ஹென்றி சோவிஸ்ரலோட சேந்து ஆரம்பிச்சு, 1985ல முழுசா எழுதி வெச்ச ஏற்பாட்டுக்கு டைம் வார்ப்னு பேரு. அந்தக் கட்சிக்குக் காத்திருக்கறதுன்னாலே ஆகாது. மாமன் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும், நேரமாச்சு, தாலியைக் கட்டு, பந்தியைப் போடு, எல்லாருக்கும் பத்திரிகையைத் தாட்டிவிடு. நடத்தறப்பவே ஒவ்வொரு கட்டத்துலயும் ஊடு எப்படி இருந்துச்சுன்னு ஒரு படம் புடிச்சு வெச்சுக்கோ, அவ்வளவுதான்.

அப்பறம் மாமன் வர்றான், பத்து மணிச் சீரோட. நீ பன்னெண்டு மணிச் சீரை முடிச்சுட்டே. உடனே ஒம்பதே முக்கால் மணிப் படத்தைத் தேடி எடுத்து, ஊட்டை அப்படியே பழையபடிக்குத் திருப்பி வெச்சு, பத்துல இருந்து மறுபடியும் நடத்தோணும். சரி, ஊட்டுக்குள்ளாற திருப்பிப்போட்டே. ஊரெல்லாம் போன பத்திரிகை? அதுக்குத்தான் எதிர்ப்பத்திரிகை. பத்து மணிக்கு அப்பறம் அனுப்பிச்ச ஒவ்வொரு பத்திரிகைக்கும் பின்னாலயே அதே பேரு, அதே நேரம் போட்டு இன்னொரு பத்திரிகை போகும். ரெண்டும் ஒரே ஊட்டுல சந்திச்சா ரெண்டும் மாயமாப் போயிரும். அழைக்கவே இல்லைங்கற கணக்கு. மொதப் பத்திரிகையைப் பாத்து அந்த ஊட்டுக்காரன் சீரு வாங்கி வெச்சு, நாலு பேத்துக்குச் சொல்லியும் இருந்தான்னா, அவனும் தன்ற ஊட்டைப் பின்னால திருப்போணும், அவன் சொன்ன நாலு பேத்துக்கும் எதிர்ச்சேதி அனுப்போணும். சில நேரம் எதிர்ப்பத்திரிகை குறுக்கு வழியாப் போயி முந்திச் சேந்துரும். பரவால்லை, அது திண்ணையில உக்காந்திருக்கும். நெசப் பத்திரிகை வந்ததும் ரெண்டும் சேந்து காணாமப் போயிரும். எத்தனை பெரிய யோசனை பாரு. நம்மூர்ல மட்டும் இது இருந்திருந்தாப் பாதிச் சண்டைக்குப் பஞ்சாயத்தே கூடியிருக்காது.

கெட்டிக்காரத்தனம் அதோட நிக்கலை. மறுபடியும் நடத்தறப்ப அதே பத்திரிகையே திரும்ப வரும்னா எதுக்கு அவசரப்பட்டு ரத்து பண்ணோணும், பொறுத்திருந்து பாப்போம்னு ஒரு சோம்பேறி முறை கொண்டாந்தாங்க. நெம்ப இடத்துல சோம்பேறிதான் செயிச்சான். படமாப் புடிச்சுப் புடிச்சு வெச்சா அடைக்க எடம் இல்லைன்னு, 1999ல கரோத்தர்ஸ், கல்யாண் பெருமள்ளா, ஃபூஜிமோட்டோ மூணு பேரும் வேறொண்ணு சொன்னாங்க. படமே வேண்டாம், நடந்ததைத் தலைகீழா நடத்திக்கோ. ஒண்ணு கூட்டியிருந்தா ஒண்ணு கழி, கட்டுன முடிச்சை அவுரு, போட்ட மாலையை எடு. தலைகீழாப் போகவே முடியாததை மட்டும் ஓரமாக் குறிச்சு வெச்சாப் போதும்.

ஆனா ஒண்ணு, கண்ணு. பந்தியில சாப்பிட்டவன்கிட்டப் போயிச் சோத்தைத் திருப்பிக் கேக்க முடியாது. வெளிய அச்சாகிப் போன தாளும், திரையில காட்டின எண்ணும் அப்படித்தான். அதுக்காக எல்லா ஊட்டுக் கடியாரத்துலயும், வழியில போயிட்டிருக்கற பத்திரிகை ஒவ்வொண்ணுலயும் போட்டிருக்கற நேரத்துலயும் எது நெம்பச் சின்னதோ அதைய எடுத்துப் பொதுநேரம்னு வெக்கறாங்க. அதுக்குக் கீழ ஆரும் திரும்பிப் போக வேண்டி வராது. அதனால அதுக்கு முந்தின படத்துல கடைசி ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தையெல்லாம் கொளுத்திரலாம், அதுக்கு முந்தின சாப்பாட்டைத் தாராளமாப் பரிமாறலாம். வழியில இருக்கற பத்திரிகையைக் கணக்குல சேக்க மறந்தவந்தான் மாட்டிக்குவான். ஊட்டுக்குள்ளாற இருக்கறவனை எண்ணறது சுலபம், பஸ்ஸுல வந்துட்டிருக்கறவனை எண்ணறதுதான் கஷ்டம்.

ரெண்டு கட்சியில எது ஒசத்தின்னு கேக்காதே. உங்க கூட்டம் அதைய வெச்சே எத்தனையோ மாநாடு நடத்தித் தோசை தின்னாச்சு. நீளமான கம்பி, நல்ல வாக்கு இருக்கற எடத்துல காத்திருக்கறவன் செயிப்பான். வாக்குச் சொல்ல முடியாத எடத்துல துணிஞ்சவன் செயிப்பான், அதுவும் அளவுக்கு மீறி முன்னால ஓடாம இருந்தாத்தான். பத்து மடங்கு முன்னால ஓடிப்போயி எல்லாத்தையும் திரும்ப அவுக்கறவன் வேர்த்து வடிஞ்சு நிக்கறதைப் பாத்து நல்ல உழைப்பாளின்னு நெனைச்சிராதே.

இப்பத்தான் நான் கேக்க வந்ததுக்கு வர்றேன்.

2013ல லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துல செக்கோயாங்கற மெஷினோட வல்கன்ங்கறதையும் சேத்துப் பூட்டி, 19,66,080 கோர்ல டைம் வார்ப்பை ஓட்டினாங்க. பார்ன்ஸ், கரோத்தர்ஸ், லாப்ரே, கூட நம்ம ஜெஃபர்சன். 1985ல எழுதுன மனுசன் 28 வருசங் கழிச்சும் அதே பத்திரிகையைத் துரத்திட்டிருந்தாரு, அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. 65 வினாடியில 33 லட்சம் கோடி நிகழ்ச்சி, வினாடிக்கு 50,400 கோடி. கோரை 60 மடங்கு கூட்டுனதுக்கு வேகம் 97 மடங்கு கூடுச்சாம். பங்கு சின்னதாச் சின்னதா ஒவ்வொருத்தன் பங்கும் கைக்கெட்டற கேஷ் நினைவகத்துலயே அடங்கிருச்சு, அதனாலன்னு அவங்களே காரணமும் சொல்லிட்டாங்க. நேர்மையான ஆளுக.

நானும் வாயைப் பொளந்து படிச்சுட்டு, அப்படி என்னத்தத்தான் ஓட்டுனாங்கன்னு பாத்தேன். ஃபோல்டுன்னு ஒரு பொம்மையாம். சுமார் 25 கோடி ஊடு. ஒவ்வொரு ஊட்டுக்கும் பத்திரிகை வரும், வந்ததும் குருட்டாம்போக்குல இன்னொரு ஊட்டைப் பாத்து, இன்னொரு நேரத்துக்கு ஒரு பத்திரிகை போகும். பத்திரிகையில பொண்ணு பேரு இல்லை, மாப்பிள்ளை பேரு இல்லை, கண்ணாலமே இல்லை. 33 லட்சம் கோடிப் பத்திரிகை குடுத்தும் ஒரு முடிச்சு விழலை.

கோவிச்சுக்காதே. அது வேகத்தை அளக்க வெச்சிருக்கற பொம்மைங்கறது எனக்குத் தெரியும். எல்லா ஆய்வுக்கூடமும் ஒரே பொம்மையை ஓட்டுனாத்தான் ஆரு வேகம்னு ஒப்பிட்டுச் சொல்ல முடியும், அது வேணுந்தான். ஆனா ஜார்ஜியா டெக்காரங்க 2003ல 1,536 பிராசசர்ல வினாடிக்கு 10 கோடியே 60 லட்சம் பாக்கெட்டை நகத்திக் காட்டுனாங்க. அது நெசமான வலை நெறிமுறைகளை வெச்சு. எண்ணு சின்னது, மரியாதை பெருசு. நீ வேகத்தைப் பத்திப் பேச வந்தீன்னா, உன்ற வேகத்துக்குள்ளாற என்ன ஓடுச்சுங்கறதை நான் மொதல்ல கேப்பேன்.

உள்ளாற ஓடறதைக் கேட்டாத்தான் சிரிப்பே. வயர்லெஸ் வலையைச் சோதிக்கறதுக்கு 1998ல கார்னெகி மெலன்ல ஒரு மைதானம் போட்டாங்க. 1,500 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 50 ஆளு, 900 வினாடி. அப்ப அவங்க மொதல் ஆளுக, நல்லாவே செஞ்சாங்க. அதுக்கப்பறம் வந்தவங்க அதையே புடிச்சுக்கிட்டாங்க. அந்த ஆளுக எப்படி நடப்பாங்க தெரியுமா? கண்ணை மூடிட்டு ஒரு எடத்தைக் குறிப்பான், ஒரு வேகத்தைக் குறிப்பான், நேர் கோட்டுல போவான். உச்ச வேகம் வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ஊடு இல்லை, செவுரு இல்லை, மேடு இல்லை, பள்ளம் இல்லை. 300 மீட்டர் அகலத்துல அம்பது பேரு அந்த வேகத்துல கால் மணி நேரம் ஓடி ஒருத்தனும் ஒருத்தன் மேல இடிக்கலை. இந்த ஊரு எங்கீன்னு சொன்னா நான் மிச்ச காலத்தை அங்க போயிக் கழிச்சுக்குவேன்.

இன்னும் கேளு. கொறைஞ்ச வேகம் பூஜ்யம்னு போட்டுட்டாங்க. மெதுவா நடக்கறவனைக் குறிச்சீன்னா அவன் போய்ச் சேர நாளாகும். வேகமா ஓடறவன் சீக்கிரம் சேந்து மறுபடியும் சீட்டெடுப்பான், அதுல ஒருக்கா மெதுவான சீட்டு விழுந்துரும். அப்பறம் அவனும் நகரமாட்டான். போகப்போக ஊரு முச்சூடும் ஊர்ந்துக்கிட்டுக் கெடக்கும், சராசரி வேகம் பூஜ்யத்தைப் பாத்து எறங்கிட்டே போகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல யூன், லியூ, நோபிள் மூணு பேரும் 2003ல இதைய எழுதிக் காட்டுனாங்க. அதுக்கு முந்தி எத்தனையோ பேரு "வேகமா நகர்ற வலையில எங்க முறைதான் ஒசத்தி"ன்னு அந்த ஊர்ந்துட்டுக் கெடந்த ஊரை வெச்சு எழுதித் தள்ளியாச்சு. கட்டத்தை வரையறப்ப ஒருத்தனாவது சன்னலைத் தொறந்து எட்டிப் பாத்திருந்தா, இந்த ஆளுகளுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டிருப்பான்.

டார்ட்மவுத்துல டேவிட் காட்ஸ் கூட்டம் இன்னும் ஒருபடி மேல போச்சு. வயர்லெஸ் ஆராய்ச்சிக்காரங்க கேக்காமலே நம்பற விசயங்களை ஒரு பட்டியல் போட்டாங்க: உலகம் தட்டை, அலை வட்டமாப் பரவும், எல்லாக் கருவிக்கும் எட்டற தூரம் ஒண்ணு, நீ பேசறது எனக்குக் கேட்டா நான் பேசறது உனக்கும் கேக்கும். அப்பறம் நெசமாவே மைதானத்துல எறங்கிக் கருவியைத் தூக்கிட்டு நடந்து அளந்து, இந்த நம்பிக்கை நெசத்துல நிக்கலைன்னு காட்டுனாங்க. கடைசி ஒண்ணைச் சோதிக்க மைதானத்துக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை. உங்கம்முச்சி பேசறது எனக்குக் கேக்கும், நான் பேசறது அவளுக்கு என்னைக்குக் கேட்டுச்சு?

சுவிட்சர்லாந்துல லோசானில 2002ல காவின், சாசோன், ஷீப்பர் மூணு பேரும் ஒரு வேலை செஞ்சாங்க. ரெம்பச் சாதாரணமான ஒரே முறை, வந்த சேதியை எல்லாருக்கும் பரப்பிவிடற முறைதான். அதைய ஓப்நெட், என்எஸ்-2, குளோமோசிம்னு மூணு பேர்போன பொம்மைப்பெட்டியில ஓட்டிப் பாத்தாங்க. மூணும் மூணு விடை சொல்லுச்சு. எண்ணுல வித்தியாசம் வந்தாப் பரவால்லை, போக்கே வேற வேறயா இருந்துச்சு. மூணு ஜோசியக்காரன்கிட்ட ஒரே ஜாதகத்தைக் குடுத்த வீட்டுக்காரி முழிச்ச முழியை நான் பாத்திருக்கேன், அதனால எனக்கு இது ஆச்சரியமாத் தெரியலை.

கடைசியாக் கொலராடோவுல ஒரு சுரங்கப் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகந்தான். அங்க குர்கோவ்ஸ்கி, காம்ப், கொலக்ராசோ மூணு பேரும் 2005ல கணக்கெடுத்தாங்க. வயர்லெஸ்காரங்க கூடற மோபிஹாக் மாநாட்டுல 2000ல இருந்து 2005 வரைக்கும் வந்த கட்டுரை 151. அதுல பொம்மையை நம்பி முடிவு சொன்னது 114. அந்தக் கட்டுரைகள்ல எழுதியிருக்கறதை வெச்சு இன்னொருத்தன் அதையே திரும்பச் செஞ்சு பாக்க முடியுமான்னு தேடுனா, நூத்துக்குப் பதினஞ்சு கூடத் தேறலை. பொம்மையோட பேரையே சிலரு சொல்லலை, எந்தப் பதிப்புன்னு சொல்லலை, எத்தனை தடவை ஓட்டுனாங்கன்னு சொல்லலை. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லி வளத்த நாட்டுல இருந்து போன புள்ளைகளும் அந்தக் கூட்டத்துல இருந்திருக்கும். பேரைத் தேடிப் பாக்க எனக்கு மனசு வரலை.

உள்ளதைச் சொல்றேன் கண்ணு. காலத்தையே முன்னும் பின்னும் இழுத்து, 20 லட்சம் கோரைக் கட்டி மேய்ச்சு, ஒரு பாக்கெட்டுக் கூட வரிசை தப்பாமப் பாத்துக்கற ஆளுகளுக்குச் செவுருக்கு அந்தப்பக்கம் ரேடியோ கேக்குமான்னு யோசிக்க நேரம் இல்லாமப் போச்சு. வரிசையைச் சரியா வெக்கற கணிதத்துல உங்காளுக கெட்டி. என்னத்த வரிசையில நிறுத்தறோம்ங்கறதுலதான் சோம்பல். தப்பான ஊரை நூறு மடங்கு வேகமா ஓட்டுனாத் தப்பான விடை நூறு மடங்கு சீக்கிரம் வரும், அவ்வளவுதான். சாலி ஃப்ளாய்டும் வெர்ன் பாக்ஸனும் 2001ல ஒரு கட்டுரை எழுதுனாங்க, இன்டர்நெட்டுக்குப் பொம்மை செய்யறதுல இருக்கற கஷ்டங்கள்னே தலைப்பு. நீ பாத்துட்டிருக்கறப்பவே அது மாறிரும், ஒரே மாதிரி எங்கியும் இருக்காதுன்னு. உன்ற கூட்டத்துல புதுசா வர்றவனுக்கு மெஷின் பாஸ்வேர்டு குடுக்கறதுக்கு முந்தி அதைய ஒருக்காப் படிக்கச் சொல்லு.

உன்ற வேகக் கட்டத்தையும் பாத்தேன். ஆயிரம் கோர்ல 400 மடங்கு வேகம்னு போட்டிருக்கே. எதைவிட 400 மடங்கு? உன்ற ஆயிரம் கோர் நிரலையே ஒத்தைக் கோர்ல ஓட்டி, அதைவிடன்னு சொல்றே. அது எதிர்ப்பத்திரிகை, படம், பொதுநேரம்னு எல்லாச் சுமையையும் தூக்கிட்டு ஒத்தையில நடக்குது, மெதுவாத்தான் நடக்கும். சுமையே இல்லாம, ஒரே பட்டியல் வெச்சு நல்லா எழுதுன ஒத்தை மெஷின் நிரலோட ஒப்பிட்டுப் பாரு. 400ங்கறது 150 ஆனாலும் ஆகும். ஆகட்டுமே, 150 என்ன கேவலமா? வயித்தெரிச்சல் இல்லாமத் தூங்கலாம்.

அடுத்த கட்டுரை அனுப்பறப்ப இதையெல்லாம் சேத்து எழுது. பொம்மைப்பெட்டி பேரும் பதிப்பும், சீட்டெடுக்கற விதை எண்ணு, எத்தனை தடவை ஓட்டினே, ஆரம்பத்துல எத்தனை வினாடியைத் தள்ளிப்போட்டே, ஊரை எங்க வெட்டினே, வாக்கு எத்தனை மைக்ரோ வினாடி, ஆளுக எப்படி நடந்தாங்க, செவுரு இருந்துச்சா இல்லையா. நிரலையும் எல்லாரும் எடுத்துப் பாக்கற எடத்துல போடு. இத்தனையும் எழுதுனா ரெண்டு பக்கம் எச்சாகும், மாநாட்டுக்காரங்க எச்சுப் பக்கத்துக்குக் காசு கேப்பாங்க. உங்கப்பன்கிட்டக் கேக்காதே, அவன் ரசீது கேப்பான். அப்பிச்சிகிட்டச் சொல்லு, தாட்டிவிடறேன்.